எழுபது ரூபாய் ரேடியோ
கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

1941-ம் ஆண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கோயம்புத்தூரில் ஒருவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே செய்து, 70 ரூபாய்க்குத் தர முடியும் என்பதுதான் அந்த அறிவிப்பு.

இன்று வாசகர்களுக்கு இது பெரிய செய்தியாகப் படாது. அன்று நிலைமை வேறு. சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. மதுரைச் சீமையில் இருப்பவர்கள் திருச்சியின் பாட்டைக் கேட்க வேண்டுமானால் பெட்டி வேண்டும். பெட்டி கப்பலில் வர வேண்டும். அதை வாங்குகிறவர்கள் மில் முதலாளிகள், வக்கீல்கள், டாக்டர்கள். மற்றவர்கள் காபி கிளப் வாசலில் நின்று கேட்டார்கள்.

வால்வு என்பது கண்ணாடிக் குழாய். உள்ளே சிறு கம்பி சூடேறிச் சிவக்கும். வானத்தில் வரும் மெல்லிய அலையைப் பிடித்துப் பெருக்கிக் காதுக்குக் கேட்கும்படி செய்வது அதன் வேலை. வால்வுகள் கூடினால் தூரத்து நிலையமும் தெளிவாகக் கேட்கும். ஐந்து வால்வு என்றால் நல்ல பெட்டி. அந்த நல்ல பெட்டியைத்தான் 70 ரூபாய்க்குத் தருவேன் என்றார் அந்த மனிதர். அவர் எஞ்சினீயரிங் படித்தவர் அல்ல. ஆரம்பப் பள்ளியையே முடிக்காதவர்.

அவர்தான் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893 மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தகப்பனார் கோபால்சாமி நாயுடு விவசாயி. தாயார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவந்தார் என்று ஒரு கதை உண்டு. கோவைப் பக்கத்தில் இந்தக் கதையைத் தெரியாதவர்கள் குறைவு. (குழந்தைகள் இந்தப் பகுதியைப் படிக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருப்பது நல்லது!) மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தாமாகவே படித்தார்.

ஒரு நாள் ஊருக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதை ஓட்டி வந்தவர் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி. வண்டி 1912-ம் வருஷத்து ரட்ஜ். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது. ஊரே வேடிக்கை பார்த்தது. துரைசாமியும் பார்த்தார். வண்டி போன பிறகு மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவருக்கு மட்டும் அந்த வண்டி மனத்தை விட்டுப் போகவில்லை.

கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், காசு சேர்த்தார். போதிய பணம் சேர்ந்ததும் அந்த அதிகாரியைத் தேடிப் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார். கொடுத்த பணம் 300 ரூபாய் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் சொல்வார்கள்.

நம் ஊர் இளைஞன் ஒருவன் அன்று மோட்டார் சைக்கிள் வாங்கினால் என்ன செய்திருப்பான்? தேரோடும் வீதியில் நாலு தடவை சுற்றி வந்திருப்பான். துரைசாமி வண்டியை அக்கக்காகக் கழற்றினார். ஒவ்வொரு துண்டும் எதற்கு என்று பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது. அன்றிலிருந்து அவர் மெக்கானிக்.

பழனிக்குப் போன பஸ்

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்தார். திருப்பூரில் பணம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் இறங்கினார். பணம் போயிற்று.

கையில் காசில்லாத அந்தச் சமயத்தில் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

இங்கே மதுரை வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985-ல். 1920-ல் பழனி, மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஆகவே நாயுடுவின் முதல் பஸ் புறப்பட்டது கோவை ஜில்லாவில் என்றால், போய் நின்றது மதுரை ஜில்லாவில். அவரைக் கோவைக்காரர்களுக்கே முழுதாக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை!

அப்போது பழனிக்கு ரயில் கிடையாது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஜனங்கள் காவடி எடுத்து நடந்து வந்தார்கள். வசதியுள்ளவர்கள் மாட்டு வண்டி கட்டினார்கள். பொள்ளாச்சியிலிருந்து பழனி ஏறக்குறைய 40 மைல். மாட்டு வண்டியில் ஒரு நாள் போதாது. பஸ்ஸில் காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் மலையடிவாரம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அது எத்தனை பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-லேயே மோட்டார் தொழிலைத் தொடங்கியிருந்தார். தென்னாட்டில் மோட்டார் என்பது துரைமார்களின் விளையாட்டுச் சாமானாக இருந்த காலம் போய், ஜனங்கள் ஏறும் வண்டியாக மாறிக்கொண்டிருந்தது. நாயுடுவின் ஒரு பஸ் பல பஸ்ஸாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர். சுருக்கமாக யு.எம்.எஸ். நாட்டிலேயே நன்றாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிற்று.

கரண்ட் இல்லாத வீட்டுக்கு

பஸ் முதலாளி பணக்காரரானார். 1932-ல் ஐரோப்பாவுக்குப் போனார். பிறகும் பல தடவை போனார். அங்கே கடைகளில் அடுக்கிவைத்திருந்த புதுப் புதுச் சாமான்களை அவர் வேறு கண்ணோடு பார்த்தார் என்பது, ஊர் திரும்பி அவர் செய்தவற்றிலிருந்து தெரிகிறது.

சவரக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஷிக் என்பவர் 1931-ல் மின்சாரச் சவரக் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தார். சோப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஆனால் சுவரில் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அன்று மின்சாரம் எங்கே இருந்தது? நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கியதே 1932-ல்தான். அந்தக் கரண்ட் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் போயிற்று. கிராமங்களில் சிம்னி விளக்கு.

நாயுடு செய்த சவரக் கருவிக்கு ராசண்ட் என்று பெயர். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன மோட்டார். டார்ச் விளக்கில் போடுகிற மாதிரியான உலர் பாட்டரியில் அது ஓடும். சுவரும் வேண்டாம், வயரும் வேண்டாம். ரயிலில் உட்கார்ந்தபடியே சவரம் செய்துகொள்ளலாம்.

அவர் செய்த மின்விசிறி இல்லாத விசிறியும் இப்படித்தான். அது மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. இந்த வகை விசிறிகளில் கீழே ஒரு விளக்கு எரியும். அந்தச் சூட்டில் உருளைக்குள் இருக்கும் காற்று விரியும், ஆறினால் சுருங்கும். விரிவதும் சுருங்குவதுமாக ஒரு தண்டைத் தள்ளி இறக்கையைச் சுழற்றும். சித்திரை மாத வெயிலில் கரண்ட் இல்லாத ஊரில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணுக்கு விசிறிக்கொண்டிருக்கும் தாயாரை நினைத்துப் பார்த்தால் இந்தக் கருவியின் அருமை புரியும்.

மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாதபடி ஓட்டைப் பதிவு செய்யும் இயந்திரம் ஆகியவையும் அவர் செய்தவை. இந்த ஓட்டு இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாகாணத் தேர்தலில் அவரே நின்று தோற்றவர். இந்தியாவில் மின்னணு ஓட்டு இயந்திரம் முதல் தடவையாகத் தேர்தலில் வைக்கப்பட்டது 1982-ல், கேரளத்தில் பரூர் தொகுதியில். அப்போது நாயுடு இறந்து எட்டு வருஷமாகிவிட்டது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சாமானைப் பற்றி அவர் கேட்ட கேள்வி, அது எவ்வளவு புதிது என்பதல்ல. என்ன விலைக்கு வரும், கரண்ட் இல்லாத வீட்டில் ஓடுமா என்பதுதான்.

கேமராவும் கையுமாக

1931-ல் முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டை சினிமா பிடித்து ஆட்டியது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் கொட்டகை போட்டார்கள். தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஜனங்கள் ராஜா ராணியையும் வள்ளி முருகனையும் பார்த்தார்கள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நாயுடுவுக்கு ஆசை, படத்தை உண்டாக்கும் கருவியின் மேல்.

அந்நாளைய கேமராவில் ஒரு தொல்லை உண்டு. எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று கணக்குப் பார்த்து லென்சைத் திருப்பி வைக்க வேண்டும். ஸ்டூடியோவில் நாடா பிடித்து அளப்பார்கள். கணக்குத் தவறினால் முகம் கலங்கிவிடும். நடிகராவது சொன்ன இடத்தில் நிற்பார். ஊர்வலத்தில் போகிறவர் நிற்பாரா? சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் ஒரு கருவியையும் நாயுடு செய்தார். தாமே படம் பிடித்துப் பிடித்துத் தொல்லை அனுபவித்தவருக்குத்தான் இந்த யோசனை வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிடித்த படங்கள் சாதாரணமானவை அல்ல. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் லண்டனில் நடந்தது. அதை நாயுடு தம் கையாலேயே படம் பிடித்தார். அதே ஆண்டில் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார், அவரையும் படம் எடுத்தார். மகாத்மா காந்தி, ஜவாஹர்லால் நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் அவர் கேமராவில் விழுந்தார்கள். கலங்கல் கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் எதிரில் இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள்.

இன்று கைபேசியைத் தூக்கி எவரும் எவரையும் படம் பிடிக்கலாம். அன்று ஓர் இந்தியர் சொந்தக் கேமராவோடு லண்டன் கூட்டத்தில் நின்றது அபூர்வம். இதே காலத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் சுற்றிக் காந்திஜியின் படச்சுருள்களைத் திரட்டி, 1940-ல் ஒரு முழுப் படமாக வெளியிட்டார். செட்டியார் ஒரே மனிதரைத் தேடி உலகத்தைச் சுற்றினார். நாயுடு உலகத்தைச் சுற்றும்போது எதிர்ப்பட்டவர்களை எல்லாம் பிடித்தார். இருவருக்கும் அதுதான் வித்தியாசம்.

வயலுக்கு வந்த மோட்டார்

அவர் பங்குகொண்ட வேலைகளில் ஒன்று தமிழ்நாட்டு விவசாயியின் கிணற்றடிக்கே வந்து சேர்ந்தது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்சார மோட்டாரை அவர் உருவாக்கினார். அதுவரை மோட்டார் என்றால் சீமையிலிருந்துதான் வர வேண்டும். இந்த வெற்றியை அடுத்து பாலசுந்தரம், டெக்ஸ்டூல் என்ற பெரிய நிறுவனத்தை எழுப்பினார். மற்றவர்களும் மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கினார்கள். கோவை என்றாலே பம்பு செட் என்று ஆயிற்று.

மதுரைச் சுற்று வட்டாரத்தில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் மாடு பூட்டிக் கமலை இறைத்த கதை சொல்வார்கள். மாடு முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும். பாதி நாள் இறைத்தாலும் சிறு நிலம்தான் நனையும். பம்பு செட் வந்த பிறகு பொத்தானை அமுக்கினால் தண்ணீர். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் கோவை மோட்டார் இறங்கிற்று.

70 ரூபாய் ரேடியோவின் கதை அப்படி ஆகவில்லை. யு.எம்.எஸ். பெயரில் கோவையில் ரேடியோத் தொழிற்சாலை நடந்ததுண்டு. ஆனால் 70 ரூபாய்க்கு வீட்டுக்கு வீடு ரேடியோ என்பது நிறைவேறவில்லை. சாமானிய ஜனங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1960-களில்தான்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1944-ல் மோட்டார்க் கம்பெனிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தம் தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பணம் ஒதுக்கினார்.

1945-ல் கோவையில் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் தொழிற்பள்ளியும் எஞ்சினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. அன்றைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். பள்ளியை விட்டு ஓடியவர் கல்லூரிக்குப் பிரின்சிபால் ஆனார்! ஆனால் நாலு வருஷப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இளைஞர்களின் காலம் வீணாகிறது, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்று வேறு இடத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது. கோவையில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் நிறுத்தம் மட்டும் பழைய பெயரோடு இருக்கிறது.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்று அவர் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. விலை 2,000 ரூபாய். குமாஸ்தாவும் கனவு காணக்கூடிய விலை.

அதே ஆண்டில்தான் தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற மத்திய சட்டம் அமலுக்கு வந்தது. 1951-ல் நிறைவேறிய சட்டம் அது. இன்னின்ன பொருளை இன்னார் செய்யலாம் என்று டில்லி சொல்ல வேண்டும். புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாட்டில் இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைவு, அவற்றைக் கணக்காகச் செலவிட வேண்டும் என்பது சட்டம் போட்டவர்களின் நியாயம். அது முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. நடுத்தரக் குடும்பத்துக்கான சிறிய கார் என்று மாருதி வந்தது 1983-ல். முப்பத்தோரு வருஷம் இடையில் போயிற்று.

எல்லாப் பழியையும் சர்க்கார் மேல் போடுவது சுலபம். அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் எண்ணம் கொஞ்சம் வேறு. நாயுடு ஒரு பொருளைச் செய்து காட்டியதும் அடுத்ததற்குத் தாவுகிறவராகத் தெரிகிறார். ரேடியோ செய்தார், பருத்திக்குப் போனார். சோளம், பப்பாளி என்று புது ரகங்களை வளர்த்தார். அவர் தோட்டத்தைச் சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்தார்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டையே கட்டி முடித்தார். செய்ய முடியும் என்று காட்டுவதில் அவருக்கு இருந்த ஆனந்தம், அதையே பத்தாயிரம் தடவை செய்து கடைக்கு அனுப்புவதில் இருந்ததாகத் தெரியவில்லை. மோட்டார் பிழைத்ததற்குக் காரணம், அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொழிலாக நடத்த வேறு ஆட்கள் இருந்தார்கள். ராசண்டுக்கும் மண்ணெண்ணெய் விசிறிக்கும் அப்படி ஆள் கிடைக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் அந்த லைசென்ஸ் மறுப்பு நியாயமாகிவிடாது. கார் ஓடியிருக்குமா, கவிழ்ந்திருக்குமா என்பதை ரோட்டில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்

1967-ல் கோவையில் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். அவர் செய்தவற்றையும் சேர்த்தவற்றையும் மாணவர்கள் பார்க்கும்படி ஏற்பாடு. பெரிய மனிதராக வலம் வந்தாலும், இயந்திரத்தைக் கண்டால் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்.

1974 ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கேமராவும் கையுமாக அலைந்தவரைப் பற்றி பிலிம்ஸ் டிவிஷன் ஒரு படம் எடுத்தது. 2018-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அறிவியல் படம் என்று அதற்குப் பரிசு கிடைத்தது. 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கு நீளும் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாலத்தின் கீழே அதே சாலையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. பழனிக்குப் போகிற மதுரைக் குடும்பங்கள் இன்னும் கொஞ்ச தூரம் போனால் பார்த்துவிட்டு வரலாம்.